நாம் விற்கும் எண்ணெயும் அதற்குப் பொறுப்பான எஞ்சினியரும்

 

நம் பிள்ளைகளை அழைத்து, "படித்து என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர் என்பார்கள், வக்கீல் என்பார்கள், கம்ப்யூட்டர் என்பார்கள். எஞ்சினியர் என்று சொல்லும் பிள்ளையும் பாலத்தையோ மோட்டாரையோ மனத்தில் வைத்துத்தான் சொல்கிறது. "உணவுத் தொழிலில் இரசாயன எஞ்சினியர் ஆவேன்" என்று சொன்ன பிள்ளையை இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நாம் காண்பது அரிது. ஆனால் அந்த எஞ்சினியர் கைபடாத சரக்கு நம் கடை அலமாரியில் ஏதேனும் உண்டா என்று தேடினால் அதுவும் அரிது. எண்ணெய், மாவு, பால்மாவு, பிஸ்கட், சோயா சாறு, மார்ஜரின், சவர்க்காரம் எல்லாமே அவர் பார்வையைக் கடந்து வந்தவை.

நாம் கடைக்காரர்கள். நம் படிப்பு மதரசாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றது. என்றாலும் விற்கும் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வது வியாபாரியின் கடமை. ஆலைகளில் வேலை பார்ப்போரிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை எளிய முறையில் இங்கே எடுத்து வைக்கிறோம். நம் வட்டாரத்துக்கே உரிய செம்பனை எண்ணெயை உதாரணமாகக் கொண்டு பாடத்தைத் தொடங்குவோம்.

1. இரசாயன எஞ்சினியர் என்பவர் யார்?

இரசாயன விஞ்ஞானி வேறு, இரசாயன எஞ்சினியர் வேறு. விஞ்ஞானி ஒரு குப்பியில் ஒரு பொருளை ஆராய்ந்து அதன் குணத்தைக் கண்டுபிடிக்கிறார். குப்பியில் ஒரு கரண்டி அளவு செய்ததை, தொட்டியில் நூறு டன் அளவு, நாள்தோறும் ஒரே தரமாக, ஒருவருக்கும் தீங்கு வராமல், நஷ்டமும் வராமல் செய்து காட்டுபவர் எஞ்சினியர்.

இத்தொழிலுக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் டேவிஸ். 1880-களின் இறுதியில் மான்செஸ்டர் நகரில் அவர் இதுபற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார்; 1901-இல் கையேடாகவும் வெளியிட்டார். அவர் காட்டிய வழி யாதெனில், சர்க்கரை ஆலையானாலும் சாய ஆலையானாலும் உள்ளே நடக்கும் வேலைகள் சிலவே: சூடாக்குதல், ஆறவைத்தல், கலத்தல், பிரித்தல், வடிகட்டுதல், உலர்த்துதல். இவற்றை ஒழுங்காகக் கற்றவன் எந்த ஆலைக்குள்ளும் நுழையலாம்.

இது நமக்குப் புதிதன்று. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெயைப் பிரித்தெடுத்த நம் பாட்டிமார் செய்தது இதுவே. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டு உறையவைத்து, மெஷினில் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்தினார்களே, அவர்கள் செய்ததும் இதுவே. கை வேலை நம்மவர்களிடம் இருந்தது. அந்த வேலையின் கணக்கும் காரணமும் வேறொருவர் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. நாம் இங்கே சொல்ல வரும் விஷயத்தின் கருவே இதுதான்.

2. செம்பனை நம் வட்டாரத்துக்கு வந்த விதம்

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போயின. அங்கிருந்து நம் சிலாங்கூருக்குக் கொண்டுவந்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1917-இல் அவர் வியாபார நோக்கத்துடன் நட்ட முதல் செம்பனைத் தோட்டம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் அருகிலுள்ள தென்னமரம் தோட்டமாகும். பெயரைப் பாருங்கள், நம் தமிழ்ப் பெயர்! இந்த நாட்டுச் செம்பனைத் தொழிலின் தாய்வீடு நம் கோல சிலாங்கூர் மாவட்டம் என்பது இதனால் விளங்கும். அதே ஃபோக்கோனியே மலாயா வாழ்க்கையைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்ஸ் நாட்டின் கோன்கூர் பரிசையும் பெற்றார்.

காட்டை வெட்டியது யார், கன்று நட்டது யார், குலை சுமந்தது யார் என்று நாம் எழுத வேண்டியதில்லை. படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ அதற்குச் சாட்சி. கடை வைத்திருந்த நம்மவர்களும் அந்தத் தோட்ட மக்களின் சம்பள நாளை நம்பி வாழ்ந்தவர்களே. 1960-களில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை எங்கும் பரவியது. இன்றோ குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் மக்களின் தோள் பலத்துக்கு அங்கே இனி அதிக இடமில்லை. அறிவுக்கு மட்டும் இடம் இருக்கிறது.

3. ஆலைக்குள் நடப்பது என்ன?

மரத்திலிருந்து குலை விழுந்த நேரம் முதல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பழம் அடிபட்டதும் அதிலுள்ள ஒருவகை நொதி எண்ணெயை உடைத்துப் புளிப்பாக்குகிறது. இப்படிப் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் போனால் பச்சை எண்ணெய் தரம் குறைந்ததாகக் கருதப்படும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். லோரி வழியில் நின்றால் நஷ்டம் எண்ணெயில் தெரியும்.

ஆலையில் முதல் வேலை ஆவியில் வேகவைத்தல். சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் மும்மடங்கு மேலான அழுத்தமுள்ள ஆவியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடம் குலைகள் வேகும். இந்த ஒரே வேலையில் பல பயன்கள் உண்டு. நொதி செத்துப் புளிப்பு நிற்கிறது. பழம் குலையிலிருந்து கழலுகிறது. சதை இளகுகிறது. கொட்டைக்குள் பருப்பு ஓட்டைவிட்டு விலகுகிறது. பிறகு குலையை உருட்டிப் பழத்தை உதிர்த்து, மசித்து, திருகு அச்சில் பிழிந்து, தெளியவைத்து, ஈரத்தைப் போக்கினால் பச்சைச் செம்பனை எண்ணெய் கிடைக்கும். பிழிந்த நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகாகின்றன. ஆலை தன் விறகைத் தானே தந்துகொள்கிறது.

100 டன் குலைக்கு ஏறத்தாழ 20 டன் எண்ணெயும் 5 டன் பருப்பும் வரும். இனி ஒரு கடைக்கணக்குப் போடுவோம். மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 600 டன். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு எண்ணெய் கவனக்குறைவால் நாரிலும் கழிவுநீரிலும் போய்விட்டால், ஒரு நாளைக்கு 3 டன் நஷ்டம். நம் கடையில் விற்கும் ஒரு கிலோ பையாக எண்ணினால் 3,000 பைகள்! அச்சின் அழுத்தத்தைக் கூட்டினால் எண்ணெய் அதிகம் வரும், ஆனால் கொட்டை உடையும். குறைத்தால் கொட்டை முழுதாக இருக்கும், ஆனால் எண்ணெய் நாரோடு போகும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டு நிறுத்துவது எஞ்சினியரின் வேலை. தராசு பிடிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

4. சுத்திகரிப்புச் சாலை

பச்சை எண்ணெய் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். காரட் கிழங்குக்கு நிறம் தரும் கரோட்டின் அதில் மிகுதி. இதை நாம் பையில் வாங்கும் பொன்னிற எண்ணெயாக்க மூன்று படிகள் உண்டு. முதலில் சிறிது பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பிசினைப் பிரிப்பார்கள். அடுத்து ஒருவகைக் களிமண்ணைக் கலந்து நிறத்தையும் அழுக்கையும் அதில் ஒட்டவைத்து வடிகட்டுவார்கள். மூன்றாவதாக, காற்றை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் 240 முதல் 260 டிகிரி சூட்டில் ஆவியைச் செலுத்தி, வாடையையும் புளிப்பையும் ஓட்டுவார்கள்.

அதன்பின் எண்ணெயை மெதுவாக ஆறவைத்து இரண்டாகப் பிரிப்பார்கள். நீராக நிற்கும் பகுதி ஓலின், அது நம் சமையல் எண்ணெய். கட்டியாகும் பகுதி ஸ்டியரின், அது மார்ஜரினுக்கும் பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் போகிறது.

நம் கடைக்கு வரும் அம்மாமார் சிலர், "பாய், இந்த எண்ணெய் கலங்கிப்போயிருக்கிறதே, கலப்படமா?" என்று போத்தலைக் காட்டிக் கேட்பதுண்டு. குளிர்சாதன அறையிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்திருப்பார்கள். ஓலினுக்குள் எஞ்சி நிற்கும் கட்டிக்கொழுப்பு குளிரில் மணிமணியாக உறைவதே அந்தக் கலக்கம். வெளியில் வைத்தால் தெளிந்துவிடும். கலங்கிய எண்ணெய் எல்லாம் கெட்டதன்று, தெளிந்த எண்ணெய் எல்லாம் நல்லதுமன்று. கண்ணால் பார்த்து எண்ணெயை நிறுக்க முடியாது என்பதால்தான் படித்த ஒருவர் அங்கே தேவைப்படுகிறார்.

இந்தச் சுத்திகரிப்பு வேலை ஆதியில் பெரும்பாலும் எண்ணெய் வாங்கும் நாடுகளிலேயே நடந்தது. 1970-களில்தான் இந்த நாட்டிலேயே சுத்திகரிப்புச் சாலைகள் பெருகின. பெர்ணம் ஆற்றுக்கு அப்பால், தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராத்தா தோட்டத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி 1974-இல் தொடங்கிய யுனித்தாத்தா அவற்றில் முந்தியவற்றுள் ஒன்று. அந்தக் கம்பெனிக்கு 1951-இல் டென்மார்க்கிலிருந்து இளம் எஞ்சினியராக வந்த போர்கே பெக்-நீல்சன் என்பவர் பின்னாளில் அதன் தலைமைக்கே உயர்ந்தார். கடல் கடந்து ஒரு வாலிபர் இங்கே வந்து கற்று முன்னேறிய தொழிலை, ஆற்றுக்கு இப்பால் பிறந்த நம் பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் தயங்குவது ஏன்? சிந்திக்க வேண்டும்.

5. பொறுப்பு தவறினால் வருவது

1981-இல் ஸ்பெயின் தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். இயந்திரங்களுக்கென இறக்குமதியான ஒருவகைக் கடுகு எண்ணெயில், மக்கள் தின்னக்கூடாது என்பதற்காகவே அனிலின் என்ற இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். பேராசைக்கார வியாபாரிகள் அதைச் சுத்திகரித்து, சமையல் எண்ணெய் என்று சொல்லித் தெருத்தெருவாக விற்றார்கள். 20,000 பேருக்குக் குறையாமல் நோயுற்றார்கள், 300 பேருக்கு மேல் மாண்டார்கள். சுத்திகரித்த எண்ணெய் பார்வைக்கு நன்றாகவே இருந்தது!

தூரதேசம் என்று தள்ளவேண்டாம். 1988 அக்டோபரில் அண்டை மாநிலமான பேராக்கில் ஒருவகை மீ சாப்பிட்ட பிள்ளைகளில் 13 பேர் மாண்டார்கள். தானியத்தில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சே காரணமென்று ஆராய்ச்சியில் தெரிந்தது. சாதாரணச் சமையல் சூட்டில் அந்த நஞ்சு அழிவதில்லை. மூலப்பொருளைச் சோதித்து, ஈரத்தைக் கட்டுப்படுத்தினால்தான் அதைத் தடுக்கலாம். இவ்வித வேலைக்கே ஆலைகளில் படித்தவர்கள் அமர்த்தப்படுகிறார்கள்.

நேர்மையாக நடக்கும் ஆலைக்கும் சோதனை வரும். சுத்திகரிப்பின் மிகுந்த சூட்டில் எண்ணெயிலேயே சில வேண்டாத பொருள்கள் பிறக்கின்றன என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்தது. கிளிசிடைல் எஸ்டர், மூன்று-எம்.சி.பி.டி. எஸ்டர் என்று அவற்றுக்குப் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கிளிசிடைல் எஸ்டருக்குக் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியது. அதாவது ஒரு டன் எண்ணெயில் ஒரு கிராம்! 2021-இல் மற்றதற்கும் வரம்பு வந்தது, செம்பனை எண்ணெய்க்குக் கிலோவுக்கு 2,500 மைக்ரோகிராம். இந்த வரம்பைத் தாண்டிய எண்ணெய் அந்நாட்டு மக்களின் சாப்பாட்டுக்கு ஏறாது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்கள் எஞ்சினியர்களே. பழம் அடிபடாமல் விரைவாக வேகவேண்டும், பச்சை எண்ணெயைத் தண்ணீரால் கழுவி உப்புச் சார்ந்த குளோரினைப் போக்கவேண்டும், கடைசிச் சூட்டைக் குறைக்கவேண்டும் என்று படிப்படியாக வழி கண்டார்கள். பாருங்கள், தோட்டத்தில் ஒருவர் குலையை வீசி எறிவதும் ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் பால்மாவும் ஒரே சங்கிலியில் இணைந்திருக்கின்றன.

நிற்க. கழிவுநீர் விஷயத்தையும் சொல்லவேண்டும். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன் அளவில் கழிவுநீரும் வருகிறது. அதை அப்படியே ஆற்றில் விட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் பிராணவாயுவையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மீன் மூச்சுத் திணறும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் பிராணவாயு என்று இதை அளக்கிறார்கள். சுத்தம் செய்யாத கழிவுநீரில் அது ஏறத்தாழ 25,000. 1977-இல் அரசாங்கம் விதி செய்து, 1978-இல் 5,000 என்று தொடங்கி, ஆண்டுக்காண்டு இறுக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. முடியாது என்று கைவிரித்திருந்தால் ஆலைகளை மூடவேண்டியிருக்கும். காற்றில்லாத குளங்களில் நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே கழிவைத் தின்னவைக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்கள். அக்குளங்களில் எழும் வாயுவைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் இன்று உண்டு.

நம் சிலாங்கூர் ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். அந்தப் பூச்சியின் வாழ்வு ஆற்றின் வாழ்வில் அடங்கியது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, 12 இலட்சம் அளவிலான கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றதை நாம் மறக்கவில்லை. அது உணவு ஆலையின் கழிவன்று. ஆனாலும் எந்த ஆலையின் கடைசிக் குழாயும் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கிறது என்ற பாடம் ஒன்றே.

6. ஹலால் விஷயம்

நமக்கு மிக நெருங்கிய காரியம் இது. பிஸ்கட் அட்டையில் "ஈ 471" என்று ஓர் எண்ணைக் காண்கிறோம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பொருள் அது. செம்பனையிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எண் ஒன்றே, மூலம் வேறு. ஜெலட்டினும் கிளிசரினும் இப்படியே. ஓதிப் படித்த ஆலிம் சட்டத்தைச் சொல்லலாம். இந்தத் தொட்டிக்குள் ஊற்றியது எங்கிருந்து வந்தது, முன்னே இந்தக் குழாயில் ஓடியது என்ன, எப்படிக் கழுவினார்கள் என்று சொல்ல ஆலைக்குள் நிற்பவரால்தான் முடியும். ஜாக்கிம் தரும் ஹலால் சான்றுக்கு எம்.எஸ். 1500 என்ற தரவிதி உண்டு. அதைக் காகிதத்திலிருந்து இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறவர்களில் எஞ்சினியர் முக்கியமானவர்.

அன்றியும், செம்பனைக் கொழுப்பு இயல்பிலேயே பாதி கட்டியாக இருப்பதால், பன்றிக் கொழுப்பு இல்லாமலே மொறுமொறுப்பான ரொட்டியும் பிஸ்கட்டும் செய்ய முடிகிறது. உலகெங்கும் நம் மக்கள் சந்தேகமின்றி உண்ண இந்த மரம் எத்தனை துணை என்று எண்ணிப் பாருங்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருப்பதை மதரசாவில் ஓதினோம். அந்த அமானிதம் கடைக்காரன் தராசோடு முடிவதில்லை. ஆலையின் வெப்பமானிக்கும் அது பொருந்தும்.

7. செம்பனை மட்டுமா?

தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். அறுத்த நெல்லை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் உலர்த்துவது என்பதும் இதே படிப்பின் கணக்குத்தான். சூடு மிஞ்சினால் அரிசி உடையும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும்.

நம் முன்னோரின் ஊர்ப்பக்கத்தில் நடந்த ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. புழுங்கலரிசிக்கு நெல்லை இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் துர்வாடை அடிக்கும் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். 1950-இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் 3, 4 மணி நேரம் ஊறவைத்தால் வாடையே வராது என்று காட்டினார்கள். 1967-இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலையோடு சேர்ந்த சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய இன்னொரு நிலையம், பின்பு தஞ்சாவூருக்குப் பெயர்ந்து வளர்ந்து, 2021-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகியது. சோற்றில் அடித்த வாடையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் ஆய்வுக்கூடங்கள் எங்கே போய் நிற்கின்றன, பாருங்கள்!

8. படிக்கும் வழி

வழி நீண்டது, ஆனால் மூடியதன்று.

முதலாவது, நான்காம் படிவத்தில் இயற்பியல், இரசாயனம், கூடுதல் கணிதம் ஆகியவற்றை எடுக்கவேண்டும். இங்கே விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கடினம். பெற்றோர் விழித்திருக்க வேண்டிய வயது 15, 16 தான்.

இரண்டாவது, எஸ்.பி.எம். முடிந்தபின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பொலிதெக்னிக் டிப்ளோமா எனப் பல வாசல்கள் உள்ளன.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், கெபாங்சான் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் இரசாயன எஞ்சினியரிங் உண்டு. புத்ரா பல்கலைக்கழகத்தில் உணவு ஆக்கம் பற்றிய எஞ்சினியரிங்கும் உண்டு. தனியார் கல்லூரியில் சேர்க்குமுன், அந்தப் பட்டம் எஞ்சினியரிங் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் பெற்றதா என்று கட்டாயம் விசாரியுங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு தவிக்கக்கூடாது. 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், ஒப்புதல் பெற்ற பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்புண்டு.

நான்காவது, பட்டம் பெற்றதும் மலேசிய எஞ்சினியர்கள் வாரியத்தில் பதிவு. குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் தேர்வும் முடிந்தால் "ஐ.ஆர்." என்று பெயருக்கு முன் போடும் தகுதி வரும். கொதிகலன் பொறுப்புக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். 1979-இல் தொடங்கிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சி நிலையம் 2000-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமாக மாறி, இன்று பாங்கியில் இயங்குகிறது. ஆலை நடத்துவோருக்கான பயிற்சிகளும் அங்கே உண்டு.

இனிப்பை மட்டும் சொல்லி மறைக்க நாம் விரும்பவில்லை. ஆலை வேலை வெப்பம், இரைச்சல், வாடை நிறைந்தது. இரவு ஷிப்ட் உண்டு. அறுவடை மிகுந்த மாதங்களில் பெருநாளும் ஆலையில் போகலாம். கழிவுக் குழியில் நச்சு வாயு தங்கும். விதியை மீறி இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தொடக்கச் சம்பளம் பெற்றோர் கனவு காணும் அளவுக்கு இருக்காது. கணிதத்தில் மனமில்லாத பிள்ளையை வற்புறுத்தி அனுப்புவதில் பயனும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வுக்கூட உதவியாளர், தரச்சோதனையாளர், கொதிகலன் இயக்குபவர் என்று அதே ஆலையில் வேறு கண்ணியமான வேலைகள் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. ஆய்வுக்கூடத்திலும் தரச்சோதனையிலும் ஆலை நிர்வாகத்திலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். "பெண்ணுக்கு எதற்கு இயந்திரப் படிப்பு?" என்று கேட்போர், அரை டிகிரி சூட்டில் பாகு பதம் பார்க்கும் தம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொள்வார்களாக.

9. நாம் செய்யத்தக்கவை

"கடையைப் பார்க்க ஆளில்லை, பையன் வந்து கல்லாவில் உட்காரட்டும்" என்ற பேச்சு நம்மவர் வீடுகளில் பழகிய பேச்சு. கடை நம் மானத்தைக் காத்தது, அதை இகழ்வதற்கில்லை. ஆயினும் மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூவரும் கல்லாவுக்கு வேண்டுமா? ஒருவன் விற்கட்டும். ஒருவன், விற்கும் சரக்கு எப்படி உண்டாகிறது என்று கற்கட்டும். ஆலையில் ஒவ்வொரு தொட்டி எண்ணெயும் வெளியேறுமுன் ஒருவர் சோதனைத் தாளில் கையெழுத்திடுகிறார். நாமும் நம் பிள்ளைகளும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உண்கிறோம். அந்தக் கையெழுத்து ஒருநாள் தென்னமரத்தில் குலை சுமந்தவரின் பேரனுடையதாக, பேத்தியுடையதாக இருக்கவேண்டும் என்பது நம் ஆசை.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று யோசனைகள். ஒன்று, நான்காம் படிவம் போகும் பிள்ளைகளின் பெற்றோரை ஆண்டுத் தொடக்கத்திலேயே கூட்டிப் பாடத் தேர்வைப் பற்றிப் பேசவேண்டும். இரண்டு, பள்ளி விடுமுறையில் பக்கத்து ஆலையில் அனுமதி கேட்டுப் பிள்ளைகளை அழைத்துக் காட்டவேண்டும். ஆயிரம் பேச்சைவிட ஒரு பார்வை மேல். மூன்று, கூடுதல் கணிதத்துக்கு மாலை வகுப்பு ஒன்று வைக்கவேண்டும். இடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் கிடைத்தால் போதும். தோட்டப்புற இந்துச் சகோதரர்களின் பிள்ளைகளும், மற்ற அண்டை வீட்டார் பிள்ளைகளும் அதில் வந்து உட்காரட்டும்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்பதற்குச் சில வினாக்கள்:

1. குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டுவது ஏன்?
2. குலையை ஆவியில் வேகவைப்பதால் உண்டாகும் நான்கு பயன்கள் எவை?
3. ஐஸ் பெட்டியில் வைத்த எண்ணெய் கலங்குவதன் காரணம் என்ன?
4. நாளுக்கு 900 டன் குலை அரைக்கும் ஆலையில் நூற்றுக்கு அரைப் பங்கு எண்ணெய் வீணானால், ஒரு கிலோ பைகள் எத்தனை நஷ்டம்?
5. நம் வீட்டு அலமாரியில் "ஈ 471" என்று அச்சிட்ட பொருள்கள் எத்தனை உள்ளன?

ஐந்தாவது வினாவுக்கு விடை தேடும் பிள்ளை அட்டைகளைப் படிக்கப் பழகும். நான்காவது வினாவுக்குச் சரியான விடை கண்ட பிள்ளைகளின் பெயரைச் சங்கத்தில் கொடுத்தால், நம் கடையிலிருந்து ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் தருவோம், இன்ஷா அல்லாஹ்.